சிற்றாற்று மீன்களையும் எண்ணிப் பார்ப்போம்

குற்றால மலையில் சாரல் இறங்கிவிட்டது என்றால் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டார விவசாயிகளுக்கு நாற்றங்கால் நினைவு வரும். வெளியூர்க்காரர்களுக்கு அருவி நினைவு வரும். ஆற்றிலுள்ள மீனைப் பற்றி நினைப்பவர் அநேகமாக எவருமில்லை. ஆனால் நம்மைப் போலவே மீன்களும் அந்த முதல் வெள்ளத்துக்காகத்தான் கோடை முழுவதும் மடுக்களில் காத்துக் கிடக்கின்றன. கலங்கிய புதுநீர் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறத் தொடங்கும். ஏத்துமீன் என்று கிராமங்களில் சொல்வது இதைத்தான். வயிற்றில் சினையோடு ஏறும் மீன் அது.

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் முக்கூடலைப் பாடிய முக்கூடற்பள்ளு, நெல் வகைகளை அடுக்கிச் சொல்வது போலவே புதுவெள்ளத்தில் துள்ளி வரும் மீன் வகைகளையும் அடுக்கிச் சொல்கிறது. அந்தக் காலத்துப் புலவர் ஒருவர் மீன்களை இனம் பிரித்துக் கணக்கெடுத்திருக்கிறார் என்றே கொள்ளலாம். இன்று சிற்றாற்றில் எத்தனை வகை மீன் உண்டு, போன ஆண்டைவிட இந்த ஆண்டு கூடியதா குறைந்ததா என்று ஆற்றங்கரை ஊர் எதிலாவது கேட்டால், "முன்னே மாதிரி இல்லை" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். அந்தப் பதில் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது கணக்கு ஆகாது.

ஒரே ஒரு மீன்

மீன் கணக்கு என்றால் என்ன என்பதற்குச் சால்மன் மீனைச் சொல்ல வேண்டும். குளிர் நாடுகளின் மலையோடைகளில் சரளைக் கற்களுக்கு அடியில் பிறந்து, ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய், அங்கே வளர்ந்து பருத்து, தான் பிறந்த ஓடைக்கே முட்டையிடத் திரும்பி வரும் மீன் அது. பிறந்த ஓடையின் நீர் மணத்தை நினைவில் வைத்திருந்து வழி கண்டுபிடிக்கிறது. பசிபிக் கடல் சால்மன்கள் பெரும்பாலும் முட்டையிட்டதும் இறந்துவிடும். (நமது மீன் கடைகளில் சிலர் காலா மீனை இந்தியன் சால்மன் என்று சொல்லி விற்பதுண்டு. காலாவுக்கும் சால்மனுக்கும் உறவு கிடையாது. சால்மனின் உண்மையான உறவுக்காரரைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குப் போக வேண்டும். வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் அந்தக் குடும்பம்தான்.)

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் பான்வில் அணையை 1938-இல் திறந்தபோதே மீன் ஏறிப் போவதற்குப் படிக்கட்டு போலத் தொட்டி தொட்டியாக ஒரு வழியும் அமைத்தார்கள். அந்த வழியில் ஏறும் மீன்களை இனவாரியாக எண்ணி எழுதும் வேலையும் அதே ஆண்டில் தொடங்கி இன்றுவரை நடந்து வருகிறது. அந்த ஆற்றோடு சேரும் கிளை ஒன்றின் தலைப்பில், ஐடஹோ மாநிலத்தில், ரெட்ஃபிஷ் ஏரி என்ற மலை ஏரி இருக்கிறது. கடலிலிருந்து 1,400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, எட்டு அணைகளைத் தாண்டி, சாக்கை என்ற சால்மன் இனம் அங்கே வர வேண்டும். 1992-இல் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு ஆண் மீன். ஒன்று என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். எண்ணாமல் விட்டிருந்தால் "முன்னே மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். அந்த இனத்தைக் காப்பாற்றும் வேலையில் மிச்சமிருந்த மீன்களைப் பிடித்து வளர்த்து இனப்பெருக்கம் செய்தார்கள்; இன்றும் அது முழுதாகத் தேறிவிடவில்லை. ஆனால் அழிந்தும் போகவில்லை. வேறு சில ஆறுகளில் அணையையே எடுத்துவிட்டார்கள். கிளமாத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றி முடித்தது 2024-இல். அதே ஆண்டு அக்டோபரில் பழைய அணை இருந்த இடத்துக்கு மேலே சால்மன் காணப்பட்டது.

நமது அணைக்கட்டுகளை எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அவை போனால் மானூர்க் குளத்துக்கு ஏது தண்ணீர்? எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணும் பழக்கத்தை.

நமது ஆற்றின் மீன்கள்

சிற்றாறு குற்றால மலையில் பிறந்து சுமார் 80 கிலோமீட்டர் ஓடுகிறது. அழுதகண்ணியாறு, அரிகரநதி, அனுமநதி போன்றவை வழியில் சேருகின்றன. ஆற்றின் குறுக்கே 17 அணைக்கட்டுகள். கிளைகளில் அடவிநயினார் (132 அடி), கருப்பாநதி (72 அடி), குண்டாறு (36 அடி) நீர்த்தேக்கங்கள். தெற்கே கடனாநதியும் ராமநதியும் தனியே போய்த் தாமிரபரணியில் சேருகின்றன. இந்த நீர்த்தேக்கங்கள் எவையும் மீன் ஏறும் வழியை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல.

சால்மனைப் போலக் கடலுக்கும் ஆற்றுக்கும் பயணம் செய்யும் மீன் நம்மிடமும் உண்டா என்றால், உண்டு. விலாங்கு. ஆனால் அதன் கதை தலைகீழ். அது ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடி இழை போன்ற குஞ்சாகக் கரைக்கு வந்து, ஆற்றில் ஏறிப் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்கே போகும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று பழமொழியில் ஏளனம் செய்கிறோமே, அந்த விலாங்கு புன்னைக்காயலில் நுழைந்து சிற்றாற்றுத் தலைப்புக்கு வர வேண்டுமானால், ஸ்ரீவைகுண்டம், மருதூர் அணைக்கட்டுகள் இரண்டையும் தாண்டி, பிறகு சிற்றாற்றின் 17-ஐயும் ஏற வேண்டும். ஆக 19 சுவர்கள். ஈரமான பாறைமேல் ஊர்ந்து ஏறும் சாமர்த்தியம் விலாங்குக் குஞ்சுக்கு உண்டு. காய்ந்த பாறைமேல் அதனாலும் முடியாது.

கடலிலிருந்து வரும் உல்லம் மீனுக்கு அந்தச் சாமர்த்தியமும் கிடையாது. காவிரியில் மேட்டூர்வரை ஏறி வந்த உல்லம், 1934-இல் அணை வந்த பிறகு அந்தப் பகுதியில் இல்லாமல் போனது நமது மாநிலம் கண்ட பழைய பாடம்.

கடலுக்கே போகாத மீன்கள்தான் பொதிகை மலையின் பெரும் செல்வம். தாமிரபரணி நீரமைப்பைத் தவிர உலகில் வேறெங்கும் கிடைக்காத சில இனங்கள் இங்கு உண்டு. முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீண்ட இழைகள் கொண்ட அழகிய சிறு கெண்டை ஒன்றுக்குத் தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயராக 1954-இல் சூட்டியவர் டாக்டர் ஈ.ஜி. சைலஸ். இவர் பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும், கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். இன்னொரு கெண்டைக்குக் கன்னிகட்டி என்ற மலையிடத்தின் பெயர். பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் காரா இனத்தில் ஒன்றுக்குக் களக்காட்டின் பெயர். ஆழ்வார்குறிச்சியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தார் இந்த ஓடைகளில் ஆண்டுக்கணக்கில் மீன்களை ஆராய்ந்திருக்கிறார்கள். பத்து மைல் தூரத்தில் இருக்கும் இந்த அறிவு ஆற்றங்கரை வயலுக்கு வந்து சேரவில்லை என்பது என் போன்ற விரிவாக்கப் பணியாளர்களின் குறை.

என் பங்குக் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1990-களின் நடுவில், வேலைக்கு வந்த புதிதில், சிற்றாற்றுப் பாசனத்து ஊர் ஒன்றில் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு கடுமையாக இருந்தது. என்டோசல்பான் தெளிக்கச் சொன்னேன். அன்று அது பரிந்துரையில் இருந்த மருந்து. தெளித்த மறுநாள் இரவு மழை. அடுத்த நாள் காலையில் வடிகால் வாய்க்கால் நெடுக அயிரையும் குறவையும் வயிறு வெளுத்து மிதந்தன. வயலுக்குச் சொந்தக்காரர், வயதானவர், கோபப்படவில்லை. "சார், புழு செத்ததான்னு பார்க்க வந்தீங்க. இதையும் பார்த்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். என்டோசல்பானை உச்சநீதிமன்றம் 2011-இல் நிறுத்திவிட்டது. ஆனால் இன்று கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளும், குளோர்பைரிபாஸும் மீனுக்கு மிகக் கொடிய நஞ்சுதான். பைரித்ராய்டு மருந்துகளை நெல்லுக்கு அடிப்பதால் புகையான் மறுபடியும் பெருகும் என்பது வேறு நஷ்டம். மழை வரும்போல் இருக்கும் நாளில் தெளிப்பதையும், தெளித்த வயலின் நீரைச் சில நாட்களுக்குள் வடியவிடுவதையும், தெளிப்பானை வாய்க்காலில் கழுவுவதையும் விட்டாலே பாதி மீன் பிழைத்துக்கொள்ளும்.

கோடை மடு

மீன் கூட்டத்தின் தலைவிதி வெள்ளத்தில் தீர்மானிக்கப்படுவதாக நினைக்கிறோம். உண்மையில் அது தீர்மானிக்கப்படுவது பங்குனி, சித்திரையில். ஆறு ஓட்டம் அறுந்து, அணைக்கட்டின் கீழும் பாறை வளைவுகளிலும் மடு மடுவாகத் தண்ணீர் தேங்கி நிற்கும் அந்த இரண்டு மாதமும் பிழைத்திருக்கும் மீன்தான் ஆனி வெள்ளத்தில் ஏறி முட்டையிட முடியும். அவையே அடுத்த ஆண்டுக்கு விதை. விதைநெல்லை எந்த விவசாயியும் குத்திச் சாப்பிடமாட்டார். மடுவில் ஒதுங்கிய மீனை மட்டும் தோட்டா போட்டும், பிளீச்சிங் பவுடர் கரைத்தும், மின்சாரம் பாய்ச்சியும் ஒரே நாளில் வழித்தெடுத்துவிடுகிறார்கள். தோட்டாவும் நஞ்சும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றமாக இருப்பதை இன்னும் குற்றம் என்று எழுதவேண்டியிருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1873-இல், மருத்துவர் பிரான்சிஸ் டே தமது அறிக்கையில், அணைக்கட்டுகளும் பொடிக்கண் வலைகளும் இந்திய ஆற்று மீன்களை எப்படிக் குறைக்கின்றன என்று எழுதினார்.

இங்கே விவசாயிகள் என்னைக் கேட்கும் கேள்வி நியாயமானது. "கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, வாழை வாடுகிறது, மீனுக்குத் தண்ணீர் விடச் சொல்கிறீர்களா?"

இல்லை. அணைக்கட்டின் கீழுள்ள மடுநீர் வாய்க்காலின் தலைமதகுக்கு எட்டாத மட்டத்தில் கிடப்பது. மதகை எவ்வளவு திறந்தாலும் அது கால்வாயில் ஏறாது. ஆயில் இன்ஜினை மடுவில் இறக்கி உறிஞ்சினால்தான் ஏறும். நான் கேட்பதெல்லாம், ஓர் ஊருக்கு ஒரு மடுவையாவது, அதுவும் ஆழமான மடுவை, இன்ஜின் வைக்காத மடு என்று ஊர்க்கூட்டத்தில் ஒதுக்குங்கள் என்பதுதான். வாழை வாடும்போது இன்ஜின் வைப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கடன் வாங்கிப் போட்ட பயிர் அது. அதனால்தான் எல்லா மடுவையும் கேட்காமல் ஒன்றைக் கேட்கிறேன்.

அணைக்கட்டைத் தாண்டும் பிரச்சினைக்கும் செலவு குறைந்த வழி உண்டு. முதல் வெள்ளத்தின்போது மணற்போக்கியைச் சிறிது நேரம் ஓரளவு திறந்து வைத்தால் மீன் ஏற வழி கிடைக்கும். முழுக்கத் திறந்தால் வேகம் அதிகமாகி மீன் திரும்பிவிடும். உயரம் குறைந்த அணைக்கட்டுகளில் ஓர் ஓரமாகப் பெரிய கற்களைச் சரிவாக அடுக்கி நீர் வழிய விடுவது இன்னொரு முறை. இரண்டையும் நீர்வளத் துறைப் பொறியாளரின் அனுமதியோடுதான் செய்ய வேண்டும். அவரிடம் கேட்கப் போகும்போது கையில் கணக்கு இருந்தால் பேச்சு எடுபடும்.

ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மழை தொடங்கும்போது ஏறி வரும் சினைமீனைப் பிடிப்பதை ஊத்த என்கிறார்கள். அதைச் சட்டத்தால் தடை செய்திருக்கிறார்கள். தடை இருந்தும் பிடிக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் ஆண்டுதோறும் அது அங்கே பத்திரிகையில் பேசப்படுகிறது.

குஞ்சு விட்டால் போதாதா?

மீன் குறைந்தால் பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்டுவிடலாமே என்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. குளத்துக்கு அது சரி. மீன்பாசி குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் விட்டு வளர்ப்பதில் தவறில்லை. ஆற்றுக்கும், அதிலும் மலையோடைக்கும், அது ஆபத்தான யோசனை.

காவிரியில் நடந்ததைப் பாருங்கள். மகசீர் என்றும், காவிரிக்கரையில் பொம்மீன் என்றும் சொல்லப்படும் பெரும் கெண்டைகளில், முதுகு திமில் போல உயர்ந்த இனம் ஒன்று 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. அது காவிரிக்கு மட்டுமே உரியது. 1970-களில் லோனாவாலாவில் நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளைப் பொரிக்க வைப்பதில் வெற்றி கண்டார்கள். நல்ல சாதனைதான். அந்தக் குஞ்சுகள் காவிரிக்கும் வந்தன. மகசீர் பெருகியது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுப் பிடித்து அளந்துவிட்டு மீண்டும் நீரிலேயே விடும் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்திருந்த பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. மொத்த எண்ணிக்கை கூடிக்கொண்டிருந்தது. திமில் மகசீர் மட்டும் சரிந்துகொண்டே வந்திருந்தது. வந்த இனம் இருந்த இனத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. இன்னும் கொடுமை, அந்தத் திமில் மகசீரின் சரியான அறிவியல் பெயர் எது என்பதே 2018-இல்தான் முடிவானது. இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனம், மோயாற்றில் எஞ்சியிருக்கிறது.

"மீன் நிறைய இருக்கிறது" என்பதும் கணக்கு ஆகாது. என்ன மீன் என்று இனம் பிரித்து எழுத வேண்டும். ஜிலேபிக் கெண்டை 1952-இல் நம் நாட்டுக்கு வந்தது. இன்று எந்தக் குளத்தில் வலை போட்டாலும் அதுதான். ஆப்பிரிக்கக் கெளுத்தி அரசு தடை செய்த இனம். வெள்ளத்தில் பண்ணைக் குட்டை உடைந்தால் அது ஆற்றுக்கு வந்துவிடும். வளர்க்காதீர்கள்.

எண்ணுவது எப்படி?

பள்ளி, கல்லூரி மாணவர்கள் நான்கு பேர், வலை வீசத் தெரிந்த ஒருவர், ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் அளவுகோல், இரண்டு வாளி. இவ்வளவு போதும். அணைக்கட்டுக்கு மேலே ஓர் இடம், கீழே ஒரு மடு என்று இரண்டு இடம் தேர்ந்துகொள்ளுங்கள். இடத்தை மாற்றக்கூடாது. அதே கண்ணளவு வீச்சுவலை, முடிந்தால் அதே ஆள், ஒவ்வொரு தடவையும் 20 வீச்சு. ஒரு வருடம் 20, மறுவருடம் 35 என்று வீசினால் ஒப்பிட முடியாது. விழுந்த மீனை ஈரக் கையால் எடுத்து, இனம் பிரித்து எண்ணி, நீளம் அளந்து, நிழலில் வைத்த வாளியிலிருந்து சில நிமிடங்களில் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். பெயர் தெரியாத மீனைப் படம் எடுத்துவைத்துப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கு மூன்று தடவை: சித்திரையில் மடுக்கள் சுருங்கியபோது, முதல் வெள்ளம் ஓய்ந்த ஆடிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில்.

நீளக் கணக்கு முக்கியமானது. ஓர் இனத்தில் பெரிய மீன் மட்டும் விழுந்து குஞ்சே இல்லையென்றால், இரண்டொரு ஆண்டாக முட்டையிடுதல் கெட்டிருக்கிறது. குஞ்சு மட்டும் விழுந்து பெரிய மீன் இல்லையென்றால், அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கிறார்கள். சால்மனின் வயதை அதன் செதிலில் உள்ள வளையங்களை எண்ணிச் சொல்லிவிடுவார்கள். மரத்தின் வளையம் போலக் குளிர்காலத்தில் அது நெருங்கியிருக்கும். நமது வெப்ப நாட்டு மீன்களில் அந்த வளையம் அவ்வளவு தெளிவாக இருக்காது. எனவே நீளமே நமக்கு வழிகாட்டி.

மடுவில் மொத்தம் எத்தனை மீன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. உதாரணத்துக்கு, முதல் நாள் 60 கெண்டை பிடித்து, வால் துடுப்பின் ஒரு நுனியைக் கத்தரியால் துளி நறுக்கி விட்டுவிடுகிறோம். அந்த நுனி சில வாரங்களில் வளர்ந்துவிடும். இரண்டு நாள் கழித்து வலை வீசினால் 80 கெண்டை விழுகின்றன; அதில் 12-இல் நமது அடையாளம் இருக்கிறது. 60-ஐ 80-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 400. மடுவில் ஏறத்தாழ 400 கெண்டை. மீன் வந்துபோக வழியில்லாத கோடை மடுவுக்குத்தான் இது பொருந்தும். ஓடும் ஆற்றில் செய்தால் விடை தப்பாக வரும்.

காட்டெல்லைக்குள், நெல்லை வனஉயிரினச் சரணாலயத்திலும் களக்காடு – முண்டந்துறை காப்பகத்திலும், வனத்துறை அனுமதியின்றி வலையோடு கால் வைக்கக்கூடாது. செண்பகாதேவி அருவிப் பக்கமும் அப்படியே. அங்குள்ள மீனை எண்ண வேண்டியவர்கள் ஆராய்ச்சியாளர்கள். நமது எல்லை ஊர் அணைக்கட்டு. அங்கும் மீன்வளத் துறை ஆய்வாளருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் குத்தகைதாரர் சண்டைக்கு வருவார்.

கோயில் துறை

வலையே வேண்டாத இடமும் உண்டு. பாபநாசம் கோயில் படித்துறையில் மீனுக்குப் பொரி போடுகிறார்கள். அங்கே மீன் பிடிப்பதில்லை. கர்நாடகத்தில் சிருங்கேரியில் துங்கை ஆற்றிலும், சிசிலா என்ற ஊரில் கபிலை ஆற்றிலும் இதே வழக்கத்தால் மகசீர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. சிசிலாவில் 1996-இல் யாரோ நஞ்சு கலந்து ஏராளமான மீன் செத்தபோது, ஊரார் அவற்றுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். சிற்றாற்றங்கரையிலும் கோயில் துறைகள் பல இருக்கின்றன. துறைக்கு மேலும் கீழும் கொஞ்ச தூரம் வலை போடுவதில்லை என்று கோயில் கொடையின்போது ஊரார் கூடி முடிவு செய்தால், அதற்குப் போலீஸ் காவல் தேவைப்படாது. ஆனால் துறை சுத்தமாக இருக்க வேண்டும். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகளை எடுத்து மாளவில்லை. குற்றாலத்தில் எண்ணெய், சீயக்காய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டும் பையில் மறைத்துக் கொண்டுவருகிறார்கள். அந்த நுரைதான் கீழே தென்காசி வயலுக்கு வருகிறது.

வரும் சித்திரையில் தொடங்க நினைக்கும் ஊர்கள் இப்போதே மடுவைப் பார்த்து வைத்துக்கொள்ளவும். ஆழம் அளக்க முழக்கயிறும் கல்லும் போதும். நோட்டுப் புத்தகத்தை இரண்டு படி எழுதி, ஒன்றை ஊர்ப் பள்ளியில் வையுங்கள். மற்றொன்றைத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கோ ஆழ்வார்குறிச்சி மையத்துக்கோ அனுப்புங்கள். முதலாண்டுக் கணக்கை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றாம் ஆண்டிலிருந்துதான் அது பேசத் தொடங்கும்.